மீன்குடில் கதவில் இரண்டு பெயர்

நார்லண்ட், வடக்கு டகோட்டா
14 அக்டோபர் 1979

கிளெம்,

நேற்று மாலை வாஷிங்டனிலிருந்து தொலைபேசி வந்தது. செனட் என் பெயரை ஏற்றுக்கொண்டுவிட்டது. எதிர்த்துப் பேச யாருக்கும் ஆர்வமில்லையாம், சட்டென்று முடிந்துவிட்டது. இனி நான் ஃபெடரல் நீதிபதி. சாகும்வரை வேலை. பெரிய குற்றம் எதுவும் செய்யாதவரை ஜனாதிபதியே நினைத்தாலும் என்னை நீக்க முடியாது. வீட்டில் சிக்னி இதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சாகுற வரைக்குமா? கேக்கறப்போ ஆயுள் தண்டனை மாதிரில்ல இருக்கு!"

நம் அலுவலகத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் சொன்னால் நீ ஏதாவது கேலி பேசுவாய், நான் சிரித்துவிடுவேன், விஷயம் அப்படியே நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் தொழில் கூட்டாளிகளாக இருந்தவர்கள். ஆகவே முதல் இரண்டு வருஷம் உன் வழக்கு எதையும் நான் கேட்கக் கூடாது. அதற்குப் பிறகு கேட்கலாமா என்பது நமக்குள் என்ன உறவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த வட பகுதி முழுவதற்கும் ஃபெடரல் நீதிபதி நான் ஒருவன்தான். நீ என் நண்பன் என்றால் உன் வழக்கு வரும்போதெல்லாம் நான் விலக வேண்டும். வழக்கு தெற்கே பெரிய ஊருக்குப் போகும், அங்கே வருஷக்கணக்கில் வரிசையில் நிற்கும். அப்படிப்பட்ட வக்கீலிடம் எந்தக் கட்சிக்காரன் வருவான்? உனக்கு மூன்று பெண்கள் இருக்கிறார்கள்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். வியாழக்கிழமைச் சீட்டாட்டம் இனி இல்லை. கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டில் பெர்னிஸ் சுடும் கொலாச்சி இனிப்பு ரொட்டியும் இல்லை. ஏரி உறைந்ததும் அதன் மேல் வைத்து, துளை போட்டு மீன் பிடிப்போமே, அந்த மீன்குடிலில் என் பாதியை உனக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன், பத்திரம் இதோடு இருக்கிறது. பனிக்கட்டி மேல் நிற்கும் குடிலின் கதவில் சொந்தக்காரன் பெயர் இருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். இனி சொந்தக்காரன் நீ மட்டும்தான். ஏரி உறைந்து குடிலை இழுத்து வைப்பதற்குள் என் பெயரைச் சுரண்டி எடுத்துவிடு.

இந்த இரண்டு வருஷத்தில் நாம் அந்நியர்களாகப் பழகிக்கொள்ள வேண்டும். கஷ்டம்தான். ஆனால் நாம் இருவருமே பிடிவாதக்காரர்கள், முடியும்.

பதவியேற்பு நவம்பர் கடைசியில். வா. முன்வரிசையில் மட்டும் உட்காராதே.

ஹால்வர்


2 டிசம்பர் 1979

மாண்புமிகு நீதிபதி ஹால்வர் லுண்டே அவர்களுக்கு,

இனிமேல் இப்படித்தானே கூப்பிட வேண்டும்? பழகிக்கொள்கிறேன்.

வந்திருந்தேன். கடைசி வரிசையில், எல்லோரும் கோட்டு மாட்டும் கம்பிக்குப் பக்கத்தில். சிக்னி உனக்குக் கறுப்பு அங்கியை மாட்டிவிட்டபோது காலர் மடிந்து சிக்கிக்கொண்டது. அவள் உன் காதில் ஏதோ சொன்னாள், நீ சிரிப்பை அடக்கப் பாடுபட்டாய். என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. முன்பென்றால் சாயங்காலமே தெரிந்திருக்கும். பிறகு நீ கூட்டத்தை ஒரு முறை கண்ணால் அளந்தாய். என் மேல் பட்டதும் உன் கண் அப்படியே பக்கத்து ஆளுக்கு நகர்ந்துவிட்டது. நன்றாகத்தான் பழகுகிறாய்.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். அதில் ஓட்டை எதுவும் இல்லை. நீ எழுதும் எதிலும் ஓட்டை இருக்காது. ஆனால் ஒரு விஷயம். பதினாறு வருஷம் ஒரே ஹீட்டரில் குளிர்காய்ந்தோம். இதை முடிவு செய்வதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் பிழைப்பு, என் பெண்கள், என் நட்பு. வழக்கு என்னுடையது, வாதாடியது நீ, தீர்ப்பும் நீயே எழுதிவிட்டாய்.

பெர்னிஸிடம் படித்துக் காட்டினேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவன் உன் பொழப்பையெல்லாம் காப்பாத்தலை, கிளெம். தன் பேரைக் காப்பாத்திக்கிறான்" என்றாள். அப்படி இல்லை என்று அவளிடம் சண்டை போட்டேன். நான் சொன்னது சரி என்று நிரூபிக்க வேண்டியது இனி உன் பொறுப்பு.

உன் பெயரைச் சுரண்டப் போனேன். இந்தக் குளிரில் பெயின்ட் கல்லாக இறுகிப்போயிருக்கிறது. வெயில் காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கி. ருசிக்கா,
வக்கீல்


20 பிப்ரவரி 1983

கிளெம்,

இந்த மாதம் உன் வழக்கு எதுவும் என் முன்னால் இல்லை. எழுத்தரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் எழுதுகிறேன்.

சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. தபால் ஆபீசுக்கு மேலே இரண்டாவது மாடி, பெரிய அறை, பெரிய மேஜை. மதியம் சீஸ் ரொட்டியை இங்கேயே சாப்பிட்டுக்கொள்கிறேன். முதல் வருஷம் காபிக் கடைக்குப் போய்ப் பார்த்தேன். நான் உள்ளே நுழைந்ததும் வக்கீல்கள் மேஜை கப்சிப் ஆகிவிட்டது. பிறகு ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னிக்கு காத்து கொஞ்சம் அதிகம்தான், யுவர் ஆனர்" என்றார். வானிலையைப் பற்றி அவ்வளவு மரியாதையாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. அதோடு போவதை நிறுத்திவிட்டேன். முடி வெட்டுகிறவரும் இப்போது வெட்ட மட்டும்தான் செய்கிறார்.

போன இலையுதிர் காலத்தில், அரசுக் கடனுக்கு ஈடு வைத்த கோதுமையைத் திருட்டுத்தனமாக விற்ற ஒரு விவசாயிக்கு ஆறு மாதம் கொடுத்தேன். அவர் மனைவிதான் எங்கள் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவர். அந்த ஞாயிற்றுக்கிழமையும் வாசித்தார், ஒரு இடத்திலும் பிசகாமல். ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் காபி குடிக்கும்போது என் பக்கம் யாரும் நிற்கவில்லை. சிக்னி மட்டும் இரண்டு கோப்பையோடு வந்து, "சரி விடு, நமக்குக் கேக்கு நிறைய கிடைக்கும்" என்றாள்.

என் ஜன்னலிலிருந்து ஏரி தெரியும். குடில்கள் சின்னச் சின்னப் பெட்டிகளாக நிற்கின்றன. உன்னுடையது சிவப்பு என்பதால் கண்டுபிடித்துவிடுவேன். புகை வந்தால் நீ உள்ளே இருக்கிறாய் என்று அர்த்தம். வழக்கறிஞர்கள் வாதம் நீளும்போது புகை வருகிறதா என்று பார்த்துக்கொள்வேன். சிக்னியிடம் இதைச் சொன்னேன், "பைனாகுலர் வேணா வாங்கித் தரட்டுமா?" என்று கேட்டாள். நீதிபதிக்கு அது அழகல்ல என்றேன்.

மீன் கடிக்கிறதா?

ஹால்வர்


6 மார்ச் 1983

ஹால்வர்,

கடிக்கிறது. பெர்ச் மீன் சின்னதாக வருகிறது. பெரியது எல்லாம் உன்னைப் போல ஆழத்துக்குப் போய்விட்டது.

நீ காபிக் கடைக்கு வந்த கதையை நான் வேறு விதமாகக் கேட்டேன். நீ உள்ளே வந்து, எல்லோரையும் ஆஜர் எடுப்பது போலப் பார்த்துவிட்டு, காபியை வாசல் பக்கம் நின்றே குடித்துவிட்டுப் போனாயாம். அவர்களும் உன்னைப் பார்த்து பயந்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பயம் என்றால் காற்றைப் பற்றித்தான் பேச முடியும்.

எனக்கும் உன் ஜன்னல் தெரியும். குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும், மொத்தக் கட்டடத்திலும் உன் விளக்கு ஒன்றுதான். "பாவி மனுஷன், வீட்டுக்குப் போறதுக்கு என்ன?" என்று பெர்னிஸே ஒரு நாள் சொன்னாள். அவளே சொன்னாள் என்றால் பார்த்துக்கொள்.

அந்த முதல் இரண்டு வருஷம் விவாகரத்தும் வேலித் தகராறுமாக ஓட்டினேன். இப்போது பெரிய வழக்கு ஒன்று வந்திருக்கிறது. பீட்ரூட் சர்க்கரை விவசாயிகள். வெளிமாநிலக் கம்பெனி விற்ற களைக்கொல்லி, களையை விட்டுவிட்டுப் பயிரைக் கொன்றிருக்கிறது. பாங்கிக்காரர்கள் இவர்கள் வீட்டு வாசலிலேயே நிற்கிறார்கள். இந்த வழக்கு சீக்கிரம் விசாரணைக்கு வந்தால் நிலம் தப்பும், இழுத்துக்கொண்டே போனால் ஜெயித்தும் பயனில்லை. உன் நீதிமன்றத்தில்தான் தாக்கல் செய்யப் போகிறேன். வாழ்நாளில் இது மாதிரி ஒன்று எனக்கு வந்ததில்லை.

திங்கட்கிழமை தாக்கல். அதற்கு முன் இதைத் தபாலில் போட்டுவிட வேண்டும். பிறகு எவ்வளவு காலம் ஆகுமோ. சிக்னியிடம், அவளைக் கேட்டதாகச் சொல். அன்றைக்குக் காலரைச் சரிசெய்யும்போது உன் காதில் என்ன சொன்னாள் என்றும் கேட்டுச் சொல்.

கிளெம்


9 டிசம்பர் 1984

ஹால்வர்,

எழுதக் கூடாது என்று தெரியும். எழுதுகிறேன்.

சிக்னியின் அடக்கத்தன்று தேவாலயத்தில் வரிசையில் நின்று உன் கையைக் குலுக்கினேன். "வந்ததற்கு நன்றி, மிஸ்டர் ருசிக்கா" என்றாய். எதிர்த்தரப்பு வக்கீல் பிரிச்சர்டும் மினியாபொலிஸிலிருந்து வந்து எனக்கு இரண்டு ஆள் பின்னால் நின்றான். அவனுக்கும் அதே வார்த்தைதான், அதே குரல்தான். பிறகு கீழ்த்தளத்தில் ஹாம் இறைச்சி வைத்த ரொட்டி கொடுத்தார்கள். நான் சாப்பிடாமல் போய்விட்டேன்.

அவள் இவ்வளவு நாளாகப் படுத்திருந்தாள் என்பதே எனக்குத் தெரியாது. பேப்பரில்தான் பார்த்தேன்.

ஒரு வருஷம் அவள் நம்மோடு குடிலுக்கு வந்தாளே, உனக்கு நினைவிருக்கிறதா? நீ விறகெடுக்கப் போயிருந்தாய். அவள் தன் துளையில் தூண்டிலை விட்டுவிட்டுக் காலை முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் மீன் மேல் மீனாக வருகிறது, அவளுக்கு ஒன்றுகூட இல்லை. நூலை இழுத்துப் பார்த்தால் முள்ளில் இரையே இல்லை. "என்ன சிக்னி, இரை மாட்டலையா?" என்றேன். அவள் சொன்னாள்: "மாட்டினா மீன் வந்துடும் கிளெம். அப்புறம் எழுந்து வேலை பாக்கணும். நான் சும்மா உக்காரத்தானே வந்தேன்? அவன்கிட்ட சொல்லிடாத, சட்டம் பேசுவான்."

இத்தனை நாள் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

வா, ஹால்வர். ஏரி நன்றாக உறைந்துவிட்டது, குடிலில் அடுப்பு எரிகிறது. வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். எதைப் பற்றியுமே பேச வேண்டாம். இரை மாட்டாமல் உட்கார்ந்திரு, போதும்.

கிளெம்


ஐக்கிய அமெரிக்க மாவட்ட நீதிமன்றம்
நார்லண்ட்
13 டிசம்பர் 1984

திரு. கிளெமென்ட் ருசிக்கா, வாதிகளின் வழக்கறிஞர்

ஐயா,

தங்கள் 9 டிசம்பர் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. தாங்கள் ஆஜராகும் வழக்கு இந்த நீதிமன்றத்தில் நிலுவையில் இருப்பதால், கடிதம் வழக்குக் கோப்பில் சேர்க்கப்பட்டு, அதன் நகல் பிரதிவாதியின் வழக்கறிஞர் திரு. பிரிச்சர்டுக்கு அனுப்பப்பட்டுள்ளது. இனி வரும் கடிதங்களும் இவ்வாறே கையாளப்படும்.

ஹா. லுண்டே,
மாவட்ட நீதிபதி


18 அக்டோபர் 1987

நீதிபதி லுண்டேவுக்கு,

மேல் நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்துவிட்டது. கம்பெனி இதற்கு மேல் போகப் போவதில்லையாம், பணத்தைக் கட்டுகிறது. ஆகவே வழக்கு முடிந்தது. மூன்று வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததை இனி எழுதலாம். இதையும் பிரிச்சர்டுக்கு அனுப்பி வைப்பதென்றால் அனுப்பு, அவன் விலாசம் உன்னிடம் இருக்கிறது.

ஒரு மனிதன் மனைவியை இழந்த நண்பனுக்கு எழுதிய இரங்கல் கடிதத்தைக் கோப்பில் போட்டு எண் கொடுத்து எதிராளிக்கு நகல் அனுப்பிய நீதிபதி இந்த நாட்டில் நீ ஒருவன்தான் இருப்பாய்.

நீ விசாரணையைச் சீக்கிரம் வைத்துவிட்டாய் என்று பிரிச்சர்டுக்கு எரிச்சல். என் கடிதம் அவனுக்குக் கையில் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. ஆளனுப்பி ஏரி மேல் தேடி, குடில் கதவைப் போட்டோ எடுத்து, நீ வழக்கிலிருந்து விலக வேண்டும் என்று மனுப் போட்டான். மங்கலாக இருந்தாலும் படிக்க முடிந்தது: ஹால்வர் லுண்டே, கீழே கிளெம் ருசிக்கா. ஆமாம், நான் சுரண்டவில்லை. ஒவ்வொரு வெயில் காலமும் ஏதோ ஒரு வேலை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

நம் நாட்டில் ஒரு வேடிக்கை. நீதிபதி எனக்கு நண்பனா என்ற கேள்விக்கு அதே நீதிபதிதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினாய். பின்னால் விவசாயிகள் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நீ விலகினால் வழக்கு தெற்கே போய்விடும், அவர்கள் நிலமும் போய்விடும். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், கூண்டின் கட்டைக்கும் தெரியும்.

உனக்கு நினைவிருக்கும். ஆனாலும் எழுதுகிறேன், பிரிச்சர்ட் கேட்டது கூண்டில் இருந்த எனக்கு எப்படி இருந்தது என்று நீ தெரிந்துகொள்.

"கதவுல நீதிபதி பேரு இருக்கே, ஏன் எடுக்கலை?"

"சோம்பேறித்தனம்."

எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

"கடைசியா ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டது எப்போ?"

"எழுபத்தொன்பது அக்டோபர்."

"அதுக்கப்புறம் அவர் உங்க வீட்டுக்கு வந்திருக்காரா?"

"இல்லை."

"நீங்க போயிருக்கீங்களா?"

"இல்லை."

"அவர் மனைவி ஆஸ்பத்திரியில கிடந்தப்போ போய்ப் பாத்தீங்களா?"

"அவங்க ஆஸ்பத்திரியில இருந்ததே எனக்குத் தெரியாது."

"சரி. 'வா, உட்கார்ந்திரு'ன்னு எழுதியிருக்கீங்களே. வந்தாரா?"

"வரலை."

பாவம் பிரிச்சர்ட். நாம் நண்பர்கள் என்று நிரூபிக்க வந்தவன், ஒவ்வொரு கேள்வியாலும் தன் வழக்கைத் தானே கொன்றுகொண்டிருந்தான். கடைசியில் வெறுத்துப்போய் நேராகவே கேட்டான்.

"நீதிபதி லுண்டே உங்க நண்பரா, இல்லையா? சத்தியப் பிரமாணம் எடுத்திருக்கீங்க."

உன்னைப் பார்த்தேன். நீ மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பின் வரிசையைப் பார்த்தேன்.

"இல்லை" என்றேன்.

மறுவாரம் உன் உத்தரவு வந்தது. அதில் ஒரு பத்தி எனக்கு மனப்பாடம். "இருவருக்கும் இடையே ஒரு காலத்தில் நட்பு இருந்தது. அது முடிந்துவிட்டது. இந்த நீதிமன்றம் அவ்வாறே கண்டறிகிறது." இப்போது மேல் நீதிமன்றத்து மூவரும் இதைப் படித்துப் பார்த்து, தவறில்லை என்று சொல்லிவிட்டார்கள். எத்தனையோ பேர் சண்டை போட்டுப் பிரிகிறார்கள். மேல்முறையீட்டில் உறுதி செய்யப்பட்டுப் பிரிந்தவர்கள் நாம்தான்.

விவசாயிகள் நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்களும் உண்டு. அதற்காக உன்னைக் குறை சொல்ல முடியாது. எனக்கு உன் மேல் இருக்கும் கோபம் வேறு. கூண்டிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகும்போது, சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்லிவிட்டோமே என்று வருத்தப்படத் தயாராக இருந்தேன். வழி முழுக்க அந்தப் பொய்யைத் தேடினேன். கிடைக்கவில்லை. நான் சொன்னது எல்லாமே உண்மை. நீ என்னை அப்படி ஆக்கி வைத்திருந்தாய்.

வீட்டுக்குப் போகாமல் நேராக ஏரிக்குப் போனேன். கடுங்குளிர்தான். உளியை வைத்து உன் பெயரைச் சுரண்டி எடுத்தேன். குளிரில் வராது என்று அன்றைக்கு எழுதினேன் இல்லையா, வரும்.

கி. ருசிக்கா


8 நவம்பர் 1987

கிளெம்,

நான் மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. அந்தக் கடிதம் மறுபடியும் வந்தாலும் மறுபடியும் கோப்பில்தான் போடுவேன். அதை என் இழுப்பறையில் வைத்திருந்து, பிறகு ஒரு நாள் பிரிச்சர்டுக்குத் தெரிந்திருந்தால், நீ ஜெயித்த தீர்ப்பையே உடைத்திருப்பான். அந்த விவசாயிகளின் நிலம் என் இழுப்பறையால் போயிருக்கும். நீ கோபத்தில் இருந்தாலும் வக்கீல், இது உனக்குப் புரியும்.

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அடக்கம் முடிந்த பிறகு எனக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. நீதிபதிகள், செனட்டர்கள், பார் கவுன்சில். எல்லாவற்றிலும் சிக்னி "மாண்புமிகு நீதிபதியின் துணைவியார்." உன் கடிதத்தில் மட்டும்தான் அவள் சிக்னியாக இருந்தாள். மூலக் கடிதம் கோப்பில் போய்விட்டது. நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்வது சரியாகப் படவில்லை. அதனால் படிக்கத் தோன்றும்போதெல்லாம் எழுத்தரிடம் சொல்லி அந்தக் கோப்பைக் கேட்டு வாங்குவேன். கதவைச் சாத்திக்கொண்டு படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எழுத்தர் திருமதி ஆமுண்ட்சன், நான் வழக்கை ஆழமாக ஆராய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். வழக்கு முடிந்த பிறகும் கேட்கிறேன். இப்போது அவர் கோப்பை அந்தப் பக்கத்திலேயே அடையாளச் சீட்டு வைத்துக் கொடுத்துவிடுகிறார்.

அவள் இரை மாட்டவில்லை என்பது எனக்குத் தெரியவே தெரியாது. இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தேன். அவளுக்கு மீன் பிடிக்க வராது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ "இல்லை" என்றபோது நான் மேஜையில் பேனாவைத் தேடினேன். அது கையில்தான் இருந்தது. நீ பொய் சொல்லியிருந்தால் உன்னை நிறுத்த வேண்டியது என் கடமை. நிறுத்துவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று நானும்தான் யோசித்தேன்.

நான் கண்டறிந்த உண்மையை நானே திருத்த முடியாது. அது நிற்கும். நீ வக்கீலாக இருக்கும்வரை, நான் உயிரோடு இருக்கும்வரை, நம் நிலைமையும் இப்படியேதான். உன் இளைய பெண் இப்போது கல்லூரியில் இருப்பாள், கட்சிக்காரர்கள் உனக்கு வேண்டும். இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். புது வழக்கு ஒன்றில் உன் பெயரைப் பார்த்தேன், டிசம்பரில் வருகிறது.

நீ கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். பதவியேற்பு அன்று காலர் சிக்கியபோது அவள் சொன்னது: "கிளெம் கடைசி வரிசையில உக்காந்திருக்கான். பாத்து ஒரு தடவை தலையையாவது ஆட்டு, கல்லு மாதிரி நிக்காத." நான் ஆட்டவில்லை.

ஹால்வர்


12 ஜனவரி 1992

ஹால்வர்,

நீ பதில் எழுத வேண்டாம் என்றாய், எழுதவில்லை. நீதிமன்ற உத்தரவை மீறும் பழக்கம் எனக்கு இல்லை. கோபமும் ஒரு காரணம், அதை மறைப்பானேன்.

விஷயம் இதுதான். முழங்கால் இரண்டும் போய்விட்டன, உன் மாடிப்படி ஏற முடிவதில்லை. பெண்கள் எல்லோரும் நிலையாகிவிட்டார்கள். அலுவலகத்தை மூடிவிட்டேன். வக்கீல் உரிமத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன், ஏற்றுக்கொண்டதாக வெள்ளிக்கிழமை பதில் வந்தது. என் பெயரில் எந்த வழக்கும் எந்த நீதிமன்றத்திலும் இல்லை. உன் கோர்ட்டைப் பொறுத்தவரை நான் தெருவில் போகிற ஆள்.

குடில் ஏரி மேல் நிற்கிறது. உளி போட்ட இடத்தில் கதவு வெள்ளையாக, மரம் தெரிய அப்படியே இருக்கிறது. ஏழு குளிர்காலமாக அதற்குப் பெயின்ட் அடிக்கவில்லை. ஏன் என்று பிரிச்சர்ட் வந்து கேட்டால் சோம்பேறித்தனம் என்றுதான் சொல்வேன்.

வா என்று கூப்பிட யோசனையாக இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீ என்ன சாப்பிடுகிறாய், எதற்குச் சிரிக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. நண்பனைக் கூப்பிடுகிறேனா, முன்பின் தெரியாத ஒரு கிழவனைக் கூப்பிடுகிறேனா என்றே புரியவில்லை. பெர்னிஸிடம் சொன்னேன். "யாரா இருந்தா என்ன? கூப்பிடு. அங்க தனியா உக்காந்து எதைப் பாத்துட்டிருக்கானோ" என்றாள். கொலாச்சிக்கு மாவு பிசைகிறாள், எனக்காக இல்லை என்பது மட்டும் தெரியும்.

சனிக்கிழமை காலை அடுப்பு மூட்டுவேன். உன் ஜன்னலிலிருந்து புகை தெரியுமே.

கிளெம்


16 ஜனவரி 1992

கிளெம்,

வருகிறேன். கறுப்புப் பெயின்ட் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் பத்திரப்படி குடில் உன்னுடையது மட்டும்தான். சொந்தக்காரன் அல்லாதவன் பெயர் கதவில் இருக்கலாமா என்பதை அங்கே வந்து பேசிக்கொள்ளலாம். நீ சிரிப்பாய், தெரியும். நான் இப்படித்தான், மாறவில்லை. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பேச ஒன்றும் இல்லாமல் போனால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் வீட்டில் என் குரலை நானே கேட்டுப் பல நாள் ஆகிறது. பேச வராவிட்டால் ஆளுக்கொரு துளையைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். எனக்கு இரை வேண்டாம்.

இன்று காலை திருமதி ஆமுண்ட்சனைக் கூப்பிட்டேன். நான் யார் யார் வழக்கைக் கேட்கக் கூடாது என்று ஒரு பட்டியல் அவரிடம் இருக்கிறது. என் தம்பி, என் பாங்கு, இரண்டே வரிதான் இத்தனை வருஷமும். உன் பெயரைச் சேர்க்கச் சொன்னேன்.

"அவர்தான் தொழிலை விட்டுட்டாரே சார்? இனிமே தேவையே இல்லையே" என்றார்.

"தேவையில்லைதான். இருந்தாலும் போடுங்க" என்றேன்.

"படிவத்துல காரணம்னு கேக்குதே. என்ன போடறது?"

"நண்பர்."

அவர் தட்டச்சு செய்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கோப்பை எனக்கு எத்தனை முறை எடுத்துக் கொடுத்திருப்பார், என் உத்தரவு அவருக்கும் மனப்பாடமாக இருக்கும்.

"எப்பலேருந்துன்னு தேதி போடணும் சார்."

நீதிமன்றம் கண்டறிந்தது நிற்கிறது, மேல் நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது. அதை மீறி நான் ஒன்றும் எழுத முடியாது.

"வர்ற சனிக்கிழமைலேருந்துன்னு போடுங்க" என்றேன்.

ஹால்வர்